கிணற்றில் நான் கொட்டிய மணல்

தங்கப்பன் எனக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். 2013-ஆம் வருஷம் ஓணத்துக்கு முந்தின வாரம், ஆரியசாலையில் என் கடைக் கல்லாவிலிருந்து நானே எண்ணிக் கொடுத்தது. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் நான் அந்தக் காசைக் கேட்கவில்லை. கேட்காததற்கு ஆட்கள் என்னை மெச்சினார்கள். "கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு மனசு பெருசு. பழைய கூட்டாளி கஷ்டப்படுதான்னு வாயே திறக்கலையே" என்று என் காதுபடவே பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு மனசு பெரிசு என்பது பொய்யில்லை. ஆனால் இந்தக் கடனைக் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் அது இல்லை.

எங்கள் வியாபாரிகள் சங்கத்து மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். என்னைப் பற்றி எழுத என்ன குறைச்சல்? சங்கரன்கோவில் பக்கத்தில் நாலாங்கிளாஸோடு நின்றவன். பதினாலு வயதில் பழவங்காடியில் ஒரு ஓட்டலில் கிளாஸ் கழுவ வந்தவன். இன்றைக்கு மூன்று லாரி, இரண்டு கடை, நாலு மாடி வீடு. மருமகள் டாக்டர். யாரிடமும் கைநீட்டாமல் சேர்த்தது. அதையெல்லாம் எழுதினால் மலர் முழுக்க என் படமாகத்தான் வரும். அதனால் தங்கப்பனைப் பற்றி எழுதுகிறேன். அவன் படத்தை யாரும் மலரில் போடப் போவதில்லை.

பாப்பனங்கோடு தாண்டி உள்ளே போகிற சாலையில், மேட்டின் மேல் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பெயர் வேண்டாம், அங்கே உள்ளவர்களுக்கு இதில் சம்பந்தமில்லை. ஒன்பது ஹோல் உள்ள சின்ன மைதானம். ஓட்டல் வேலை பிடிக்காமல் நான் அங்கே பை தூக்கப் போனபோது தங்கப்பன் எனக்கு இரண்டு வருஷம் மூப்பு வேலையில், வயது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பாறசாலைப் பக்கம் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், அது முடிந்து பஸ் பிடித்து மைதானம். விளையாடுகிற சார்மார்களின் கழிகள் உள்ள பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற ஆளுக்குக் கேடி என்று பெயர். நாங்கள் இரண்டு பேரும் கேடிகள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்கிறேன். பந்தைக் கழியால் அடித்து அடித்துக் கொண்டுபோய் ஹோல் என்கிற சின்னக் குழியில் விழவைக்க வேண்டும். ஒன்பது ஹோலுக்கும் சேர்த்து யார் குறைந்த அடியில் முடிக்கிறார்களோ அவர் ஜெயித்தார். வழியில் மாட்டிவிடுவதற்கென்றே மணல் நிரப்பிய குழிகள் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பங்கர்.

எங்கள் மைதானத்தில் ஒன்பதாவது ஹோலுக்கு முன்னால் ஒரு பங்கர் உண்டு. முன்காலத்தில் அங்கே வெட்டுக்கல் எடுத்த குழி. கல்லை எடுத்துவிட்டுப் போன பள்ளத்தில் மணலைக் கொட்டிவிட்டார்கள். மூன்று பக்கமும் வெட்டுக்கல் சுவர், நட்டமாக, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். பின்பக்கம் மட்டும் சரிவு, அதில் ஐந்து படி. உள்ளே இறங்கினால் ஹோலில் நட்ட கொடி தெரியாது, மேலே நிற்கிறவர்களின் செருப்புதான் தெரியும். கேடிகள் அதைக் கிணறு என்போம். அதில் விழுந்த பெரிய பெரிய ஆபீசர்மார் கெட்ட வார்த்தை பேசுவதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கிணற்றிலிருந்து ஒரே அடியில் பந்தை வெளியே எடுக்கிற ஆள் அந்த மைதானத்தில் ஒருவன்தான். யாரோ தூக்கிப் போட்ட கழிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றிப் பிடி போட்டு வைத்திருந்தான். திங்கட்கிழமை மைதானத்துக்கு லீவு. அன்றைக்குக் கேடிகள் விளையாடினால் யாரும் கேட்க மாட்டார்கள். தங்கப்பன் மற்ற எட்டு ஹோலையும் விட்டுவிட்டு நேரே கிணற்றுக்குள் இறங்குவான். காலை இப்படியும் அப்படியும் திருகிக் கணுக்கால் வரை புதைப்பான். கழியின் முகத்தை வானத்தைப் பார்க்க விரிப்பான். அடித்தால் மணல் ஒரு முறம் எழும்பும், அதன் நடுவில் பந்து பூப்போல மேலே போய் ஹோலுக்குப் பக்கத்தில் விழும்.

நான் அந்த மைதானத்திலேயே தூரமாக அடிக்கிறவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கேட்டால் பழைய ஆட்கள் சொல்வார்கள். ஆனால் கிணற்றில் மட்டும் என் ஜம்பம் செல்லாது. ஒருநாள் உள்ளே நின்று பதினோரு அடி அடித்தேன். பதினோரு தடவையும் பந்து சுவரில் முட்டித் திரும்பி என் காலடிக்கே வந்தது. தங்கப்பன் மேலே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான்.

"ஏய் கோமதி, நீ பந்த அடிக்கே. பந்து ஒனக்கு என்ன பாவம் செய்தது? மணல அடிடே."

"மணல அடிச்சா பந்து எப்படிவே போகும்?"

"பந்துக்கு மூணு வெரல் பொறத்த அடி. மணலு அதத் தூக்கிட்டுப் போவும். அடிக்கதுக்கு முன்னே கழிய மணல்ல தொட்டா சட்டப்படி தப்பு. ஆனா காலப் புதைக்கலாம். காலுதான் மணலப் பாக்கணும், கேட்டியா? உதிரியா, ஈரமா, அடியில கட்டியா, எல்லாம் காலு சொல்லித் தரும்."

இதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கதையில் என் குற்றம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஒன்பது வருஷம் பை தூக்கிவிட்டு நான் வெளியே வந்தேன். ஒரு சார் கட்டிய வீட்டுக்கு மணல் ஏற்பாடு செய்து கொடுத்தேன், கமிஷன் கிடைத்தது. அதிலிருந்து பிடித்துக்கொண்டேன். மணல், ஜல்லி, சிமென்ட், பிறகு கடை. எப்படி ஏறினேன் என்று எழுதினால் நீளும். தங்கப்பன் மைதானத்திலேயே நின்றான். எலிசாவைக் கட்டினான், ஷீஜா, லிபின் என்று இரண்டு பிள்ளைகள். நாற்பது வருஷம் பை தூக்கினான். முழங்கால் போய்விட்டது.

2013-இல் மைதானத்து ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. கிணற்றில் பழைய மணலை எடுத்துவிட்டுப் புது மணல் போட வேண்டும். கழுவிய ஆற்றுமணல், நாலு லோடு. அந்த வருஷம் ஆற்றுமணலுக்குப் பாஸ் கிடைப்பதே பாடு, விலையோ நெருப்பு. நான் ஒன்றரை லோடு ஆற்றுமணல் வாங்கினேன். மீதிக்கு என் யார்டில் கிடந்த எம்சாண்டைக் கொட்டினேன், அதாவது பாறையை உடைத்து அரைத்த பொடி. அதை அடியில் போட்டு, மேலே நாலு விரல் கனத்துக்கு ஆற்றுமணலைப் பரப்பினேன். ஆபீஸ் ஆள் வந்து குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். "கொள்ளாம், நல்ல மணல்" என்றார். நாலு லோடு ஆற்றுமணலுக்கு பில் கொடுத்தேன். இருபத்திரண்டாயிரம் மிஞ்சியது.

வீடு கட்ட எம்சாண்ட் நல்ல சாமான்தான், என் வீடே அதில் நிற்கிறது. ஆனால் அதன் பொடி நனைந்து காய்ந்தால் தளம் போட்ட மாதிரி இறுகும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. ஒன்பது வருஷம் அந்தக் குழியைச் சுரண்டியால் இழுத்துச் சமப்படுத்தியவன் நான். சரி, எப்போதாவது ஒரு ஆபீசரின் பந்து விழும், இன்னும் இரண்டு கெட்ட வார்த்தை கூடுதலாகப் பேசுவார், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மணல் போட்ட இடம் அமரட்டும் என்று கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஒரு மாசம் யாரும் இறங்கக் கூடாது.

அந்தப் பணம் கல்லாவுக்கு வந்த மறுநாள் தங்கப்பன் கடைக்கு வந்தான். சர்ச்சுக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தான். அப்போதே காரியம் பெரிது என்று தெரிந்தது.

"என்னவே, ஷீஜாவுக்கு மாப்பிள்ள பாத்தாச்சா?"

"அவளுக்கு அல்ல. எனக்கு."

"ஒனக்கு இந்த வயசுலயா? எலிசா வெட்டிப் போடுவாளே."

அவன் சிரிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஓணம் கழிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்தில் கேடி நாள் நடக்கும். அன்றைக்குக் கேடிகள் விளையாடுவார்கள், சார்மார்கள் அவர்களுடைய பையைத் தூக்குவார்கள். அது அங்கத்திய வழக்கம். சாதாரணமாக ஜெயித்தவனுக்கு ஒரு மிக்ஸியோ குக்கரோ கொடுப்பார்கள். அந்த வருஷம் ஒரு வேலையே இருந்தது. புதிதாகப் பழக வருகிறவர்களுக்கு அடிக்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை. மாசம் பன்னிரண்டாயிரம், பி.எஃப்., உட்கார நாற்காலி, மேலே குடை. ஜெயிக்கிறவனுக்கு வேலை, ஆனால் சொந்தமாக ஒரு செட் கழி இருக்க வேண்டும். துபாய்க்குப் போகிற ஒரு சார் தன் பழைய செட்டைப் பதினெட்டாயிரத்துக்குத் தரத் தயாராக இருந்தார்.

"ஜெயிச்சா மாசம் ஆயிரத்தி ஐநூறு வச்சுத் தருவேன்" என்றான்.

"தோத்தா?"

"தோத்தாலும் தருவேன். கொஞ்சம் தாமசமாவும், அவ்வளவுதான். ஆனா கோமதி, எனக்கு இனி பை தூக்க ஏலாது. முட்டு ரெண்டும் உள்ள கெடந்து அரைக்குது. உக்கார ஒரு கசேர கிடைச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

கல்லாவைத் திறந்தேன். மைதானத்து நோட்டுக்கட்டு மேலேயே இருந்தது. அதிலிருந்துதான் எண்ணிக் கொடுத்தேன். கையில் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டான். அப்போதே சொல்லியிருக்கலாம். "கிணத்துல பாத்து எறங்குவே, அடியில சரியில்ல" என்று ஒரு வார்த்தை. அவன் வெளியே போய் யாரிடமும் சொல்லக் கூடியவனும் இல்லை. ஆனால் என் கடையில், என் ஆட்கள் முன்னால், என் காசை வாங்கிக்கொண்டு என்னைக் கும்பிடுகிறவனிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாசம் இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

கேடி நாளன்றைக்கு மதியச் சாப்பாடு என் செலவு. முன்னாள் கேடி என்று என்னை மேடையில் உட்கார வைத்தார்கள், சால்வை போட்டார்கள். முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. அன்றைக்கு வெயில்.

தங்கப்பனின் பையைத் தூக்கியது கிழக்கேகோட்டை ராமசுப்ரமணியன் சார். அக்ரஹாரத்துக்காரர், பேங்கில் ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷன்.

"என்னடாப்பா தங்கப்பா, இன்னிக்கு நான்தான் ஒனக்கு வேலக்காரன். எந்தக் கழி வேணும், சொல்லு. அப்புறம் டிப்ஸ் தருவியோ இல்லியோ?"

"சாரு எனக்குத் தந்ததுல பாதி தாரேன்."

"அப்போ எனக்கு நஷ்டந்தான்."

எட்டு ஹோல் முடிந்தபோது தங்கப்பனுக்கு எதிரே நின்றது ஒருவன்தான், மஹேஷ் என்கிற முப்பது வயதுக்காரன். தங்கப்பன் அவனைவிட இரண்டு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தான். கடைசி ஹோல். மஹேஷின் பந்து ஹோல் உள்ள பச்சைப் புல்தரையில் போய் விழுந்தது. தங்கப்பன் அடித்தது கொஞ்சம் தூரம் குறைந்து கிணற்றுக்குள் போய்விட்டது. கேடிகள் எல்லாரும் விசிலடித்தார்கள். கிணறு என்றால் தங்கப்பனுக்கு வீடு மாதிரி என்று அவர்களுக்குத் தெரியும். "எறக்கிட்டான் பாரு, வேணும்னே எறக்கிட்டான்!" என்று ஒருவன் கத்தினான்.

நான் சுவரின் விளிம்புக்கு ஓடினேன். சால்வை தோளிலிருந்து விழுந்ததை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். தங்கப்பன் படி வழியாக ஒவ்வொரு காலாக இறங்கினான். ராமசுப்ரமணியன் சார் படியில் நின்றுகொண்டு சொன்னார், "ரெண்டு அடி கையில இருக்குடா. சாகசம் வேண்டாம். பின்னால படி வழியா அடிச்சு எடுத்துடு. போறும்."

"சாரு ஒண்ணும் மிண்டாம நில்லுங்க."

அவன் காலைத் திருகிப் புதைத்தான். நான் மேலே நின்று அவன் காலையே பார்த்தேன். கணுக்கால் வரை போகிற கால் பாதியில் நின்றது. இன்னொரு தடவை திருகினான். நின்றது. தலையைச் சாய்த்து ஒரு நொடி யோசித்தான். சொல்லிவிட வாயெடுத்தேன். விளையாடும்போது வெளியாள் யோசனை சொன்னால் ஆடுகிறவனுக்குத் தண்டனை அடி உண்டு என்று எங்கள் மைதானத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைத்தான் நான் பதினோரு வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடித்தான். மணல் எழும்பவில்லை. கழி அடியில் முட்டித் துள்ளி, 'டங்' என்று பந்தின் நெஞ்சில் பட்டது. பந்து வெட்டுக்கல் சுவரில் மோதித் திரும்பி அவன் கால் பள்ளத்திலேயே வந்து கிடந்தது.

அவன் தலையைத் தூக்கி மேலே பார்த்தான். அத்தனை பேர் நின்ற இடத்தில் என்னைத்தான் பார்த்தான். மணல் வியாபாரி நான்தானே.

"மழையில கெட்டிப்பட்டுப் போச்சு, இல்லியாடே?"

"ஆமாவே" என்றேன். "மழை."

மறுபடி அடித்தான். மறுபடி சுவர். மூன்றாவதுதான் பின்பக்கம் படி வழியாக எடுத்தான். எல்லாம் கூட்டி ஏழு அடி. மஹேஷ் மூன்றில் முடித்தான். இரண்டு அடியில் தோற்றுப்போனான் தங்கப்பன். மஹேஷ் வந்து அவன் காலைத் தொட்டான். தங்கப்பன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, சுரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பக் கிணற்றுக்குள் இறங்கினான். அடித்த இடத்தைச் சமப்படுத்தாமல் போகக் கூடாது என்பது முறை. அன்றைக்குப் பை தூக்கிய சார்தான் அதைச் செய்திருக்க வேண்டும். தங்கப்பன் விடவில்லை. மேலே நாங்கள் பிரியாணிக்குப் போய்விட்டோம். நான்கூட இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் ஆறு வருஷம் பை தூக்கினான். நாற்காலியில் மஹேஷ் உட்கார்ந்தான். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் என்னைத் தூரத்தில் கண்டால் தங்கப்பன் தூணுக்குப் பின்னால் போய்விடுவான், கடன் கொடுத்தவனுக்குப் பயந்து. அவனைக் கண்டால் நானும் அடுத்த கடைக்குள் நுழைந்துவிடுவேன். ஒருநாள் இரண்டு பேரும் ஒரே பழக்கடைக்குள் ஒளிந்து முட்டிக்கொண்டோம். "பைசா வரும் கோமதி" என்றான். "அதுக்கென்ன, மெல்லத் தா" என்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், என்ன பெருந்தன்மை என்று.

முட்டு அடியோடு போன பிறகு ஆபீஸில் இரக்கப்பட்டுக் கிணற்றங்கரையில் அவனை நிறுத்தினார்கள். சம்பளம் என்று பெரிதாக இல்லை. மணலைச் சமப்படுத்த வேண்டும், பந்து விழுந்தால் காட்டிக்கொடுக்க வேண்டும். விழுந்த சார்மார்கள் வெளியே வர முடியாமல் திணறுவார்கள். தங்கப்பன் மேலே இருந்து சொல்லிக்கொடுப்பான். வெளியே வந்தவர்கள் ஐம்பதோ நூறோ கொடுப்பார்கள்.

போன மாசம் அவனிடமிருந்து போன் வந்தது.

"கோமதி, பைசா ஆயிடுச்சு. வெள்ளிக்கிழம மைதானத்துக்கு வா."

"கடைக்கு வாயேன்வே. வண்டி அனுப்புதேன்."

"வண்டி வேண்டாம். கெணத்துல சம்பாதிச்ச பைசா. கெணத்துல வச்சுத்தான் தருவேன். திங்கக்கிழம முட்டு ஆபரேசன். கடனோட மயக்கமருந்து ஏத்திக்க எனக்கு இஷ்டமில்ல."

வியாழக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கவரில் ஒரு லட்சம் வைத்தேன். சொல்ல வேண்டியதைக் காரிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நான் பேச்சில் சோடை போகிறவன் இல்லை, சங்கக் கூட்டத்தில் மைக் கொடுத்தால் மணிக்கணக்கில் பேசுவேன்.

அவன் கிணற்றுக்குள்ளேயே நின்றான், கையில் அந்தப் பதினெட்டாயிரத்துச் செட்டிலிருந்து ஒரு கழி. செட்டை விற்காமல் வைத்திருந்தான்.

"எறங்கி வா. வயிறு படியில தட்டாம பாத்து வா."

இறங்கினேன். ஒரு பந்தை மணலில் போட்டான். முன்பு போல் காலை ஆழப் புதைக்கவில்லை. கழியின் முகத்தை விரிக்கவுமில்லை. கோடாலி மாதிரி நேராக இறக்கினான். பந்து சுவரை உரசுவதுபோல் எழும்பி வெளியே போனது.

"பாத்தியா? இந்த மணலுக்கு இதுதான் வழி. கண்டுபிடிக்க ரெண்டு வருசம் ஆச்சு. இப்ப பத்து அடிச்சா ஒம்பது வெளிய."

இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது.

"தங்கப்பா, அன்னைக்கு மழை இல்ல."

"எது?"

"மணல் கெட்டியானது. மழைன்னு சொன்னேம்லா. மழை இல்லவே. நாலு விரலுக்குக் கீழ எம்சாண்ட். நான் போட்டது."

அவன் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குதிகாலால் மணலைத் தோண்டினான். கீழே சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அது அவனுக்கு எத்தனையோ நாளாகத் தெரிந்த நிறம்தான். ஆனால் அன்றைக்குத்தான் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

"ஆத்துமணலுக்குப் பைசா வாங்கிட்டா?"

"ஆமா."

"எவ்வளவு மிஞ்சிச்சு?"

"இருபத்திரெண்டு."

"எனக்குத் தந்தது அதுல உள்ளதா?"

"ஆமா."

"அப்ப நாலாயிரந்தான் ஒனக்கு லாபம்" என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "நான் மேல பாத்துக் கேட்டேன். நீ ஆமான்னு சொன்ன."

"சொன்னேன்."

மேலே எங்கேயோ யாரோ பந்தடிக்கிற சத்தம் கேட்டது. நான் கவரை எடுத்தேன். காரில் பழகிய பேச்சு பாதிதான் வந்தது.

"நீ ஒண்ணும் தர வேண்டாம்வே. இத வச்சுக்கோ, லட்சம் இருக்கு. நீ தோத்தது என்னால. ஒனக்கு அந்த நாற்காலி போனது, முட்டு போனது, எல்லாம் நான் செஞ்சது."

அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அப்போது வந்தது.

"போவே! லாரியும் ஒனக்கு, கடையும் ஒனக்கு. இப்ப எனக்க அடியும் ஒனக்கா?"

"அதில்லவே..."

"காலு சொல்லிச்சுடே! அடியில கட்டின்னு காலு சொல்லிச்சு. சாரும் பொறத்தால எடுக்கச் சொன்னாரு. ரெண்டு அடி கையில இருந்துச்சு. எடுத்திருந்தா ஜெயிச்சிருப்பேன், மோசமாப் போனாலும் சமம். மேல எல்லாவனும் விசிலடிச்சானுவ. தங்கப்பன் படி வழியா எடுத்தான்னு பேரு வரக்கூடாதுன்னு நான் அடிச்சேன். சரி, மொத அடிக்கு மணலு காரணம்னு வை. ரெண்டாவது? அது எனக்க அடி. பதினோரு வருசமா ராத்திரி படுத்தா அந்த அடியத்தான் அடிச்சிட்டிருக்கேன். அத நீ ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போவப் பாக்காத."

அவனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு மெல்லச் சொன்னான்.

"மணலு ஒனக்க காரியம். ஆபீஸ்ல போயி நீயே சொல்லு, சொல்லாம விட்டுராத. ஆனா நான் ஆஸ்பத்திரிலருந்து வாறதுக்குள்ள மாத்திராதீங்க. இந்த மணலுக்குத்தான் எனக்கு இப்ப ஆட்டம் தெரியும்."

"மழைன்னு சொன்னதுக்கு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அதுக்கு எனக்கிட்ட ஒண்ணும் இல்ல. தரவும் இல்ல, வாங்கவும் இல்ல. அது அங்க கெடக்கட்டும்" என்றான்.

படியில் வைத்திருந்த ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தான்.

"கைய நீட்டு."

"தங்கப்பா, வேண்டாம்வே. கும்பிட்டுக் கேக்கேன்."

"கையக் கும்பிட்டா எங்க வைக்க? நீட்டு."

கவரைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு வலது கையை நீட்டினேன். முதலில் நூறு ரூபாய் நோட்டு, தொண்ணூறு. ஒவ்வொன்றாக, எச்சில் தொட்டு, வாய்விட்டு எண்ணி வைத்தான். "இது டாக்டர் சாரு தந்தது. நாலு தடவ அடிச்சு வெளிய வந்தாரு." பிறகு ஐம்பது, நூற்றிருபது நோட்டு. கை கொள்ளவில்லை, இடது கையையும் சேர்த்துக் குவித்தேன். பிறகு இருபது, நூறு. நோட்டுகளுக்கு நடுவிலிருந்து சாம்பல் பொடி என் உள்ளங்கையில் உதிர்ந்தது. நான் ஒரு தடவை தவறிப்போய், "சரி, நம்புதேன், போதும்" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். எண்ணிய கணக்கு விட்டுப்போயிற்று என்று இருபதை முதலிலிருந்து எண்ணினான்.

கடைசியில் பத்து ரூபாய். நூறு நோட்டு. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. கடைசிப் பத்தை டப்பாவின் அடியிலிருந்து நகத்தால் சுரண்டி எடுத்து, மடிப்பை நீவி, மற்றதற்கு மேலே வைத்துப் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான்.

"நூறு" என்றான். "எண்ணிக்கோ."